பலகைச் சுவருக்குப் பலகை தேடுதல்

மலைநாட்டின் பழைய கடைத்தெருக்களில் தலையை உயர்த்திப் பார்த்து நடப்பவர்கள் அந்த வீடுகளைக் கண்டிருப்பார்கள். கீழே கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய கடை. மேலே, தெருவைப் பார்த்தபடி, பலகையால் அடைத்த மாடி. பலகைகள் படுக்கையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழ் விளிம்பும் தனக்குக் கீழுள்ள பலகையின் தலையை ஓர் அங்குலமளவு மூடியிருக்கும். கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடுவதும் இதே கணக்குத்தான். மழை மேலிருந்து இறங்கும்போது உள்ளே போக வழி தெரியாமல் வெளியே வழிந்துவிடும்.

கம்பளையில் என் உம்மும்மா வசிப்பது இப்படியொரு வீட்டில். 1950களில் மூத்தவாப்பா கட்டியது. சென்ற வருட மழையில் முன்பக்கப் பலகைச் சுவர் வழியாக அவர் படுக்கும் அறைக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. பலகைகளை மாற்ற வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். எதனால் மாற்றுவது என்பதில்தான் இரண்டு மாதம் வீட்டில் பேச்சு ஓயவில்லை. பலகைச் சுவர் உள்ள வீடுகள் இன்னும் பல குடும்பங்களிடம் இருக்கின்றன. அவற்றில் பல, சரியான பலகை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் உடைக்கப்படுகின்றன. அதனால் அந்தத் தேடலில் நாங்கள் அறிந்தவற்றை எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மாமாவின் முதல் யோசனை, பலகை முழுவதையும் கழற்றிவிட்டுச் சீமெந்துக் கல்லால் கட்டுவது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மேல்மாடியை மூத்தவாப்பா பலகையால் அடைத்தது பணம் போதாமல் அல்ல, பாரம் கருதியே. ஓர் அங்குலத் தடிப்புள்ள பலாப் பலகை ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறுக்கும். நான்கு அங்குலச் சீமெந்துக் கல்லால் கட்டிப் பூசிய சுவரோ அதே ஒரு சதுர அடிக்குப் பத்து மடங்குக்கும் மேல். எங்கள் முன்சுவர் 24 அடி அகலம், 9 அடி உயரம். ஜன்னல்களைக் கழிக்காமல் பார்த்தால் 216 சதுர அடி. பலகையென்றால் 300 கிலோவுக்குச் சற்று மேல். கல்லென்றால் 3 தொன்னுக்கு மேல். அந்த 3 தொன்னும் இறங்குவது மர வளைகளின் மீது. அந்த வளைகளைத் தாங்குவது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டிய பிறகு மாமா கல்லைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது யோசனை தகரம். இருக்கும் பலகைக்கு மேலேயே நிறம் பூசிய தகரத்தை அடித்துவிடுவது. இது இன்று எங்கும் நடக்கிறது, மலிவும்கூட. ஆனால் ஏற்கனவே ஈரம் குடித்த பலகையைத் தகரத்தால் மூடினால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. வெளியே சுவர் பளபளப்பாக இருக்கும். உள்ளே பலகை உக்கும். அது குத்துக்காலுக்கும் பரவும். மூடியிருப்பதால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. உம்மும்மா இதை வேறுவிதமாகச் சொன்னார்: "புண்ணுக்கு மருந்து போடாம கட்டு மட்டும் போடுற மாதிரி."

ஆகவே பலகைக்குப் பலகைதான் என்று முடிவாயிற்று. அதன் பிறகு எல்லோரும் மரக்காலைக்குப் புறப்படத் தயாரானார்கள். எங்கள் ஊர் மரவேலை பாஸ்தான் தடுத்தார். (இந்த 'பாஸ்' என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. ஜன்னலையும் அலமாரியையும் போர்த்துக்கேயர் தந்தார்கள். எங்கள் வீடுகளில் மரம் உள்ள இடமெல்லாம் பிறமொழிச் சொல்லும் இருக்கிறது.) அவர் என்னிடம் ஒரு பழைய ஸ்குரூடிரைவரைத் தந்து, "மகள், கடைக்குப் போக முந்தி எது செத்தது எது உயிரோட இருக்கிறது எண்டு பாருங்க" என்றார்.

சோதனை எளிது. பலகையில் ஸ்குரூடிரைவரின் நுனியை அழுத்த வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். நுனி ஒரு தடம் மட்டும் பதிக்கும். உக்கிய மரத்தில் கேக்கில் இறங்குவது போல இறங்கிவிடும். சுத்தியலின் பிடியால் தட்டியும் பார்க்கலாம். நல்ல பலகை கணீரென்று பேசும். கறையான் அரித்ததும் உக்கியதும் மந்தமாக ஒலிக்கும். பெயின்ட் உரிந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எங்கள் சுவரில் மிக அசிங்கமாகத் தெரிந்த மேல் வரிசைப் பலகைகள் உள்ளே இரும்பு போல இருந்தன. பெயின்ட் நன்றாக இருந்த ஜன்னலடிப் பலகைதான் உள்ளே பஞ்சாக இருந்தது.

முன்சுவரில் 16 வரிசைகள், வரிசைக்கு 12 அடிப் பலகை இரண்டு. அத்தனையையும் மாற்ற வேண்டும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். சோதித்து முடித்தபோது கெட்டுப்போனவை 9 மட்டும். அவற்றிலும் நான்கில் நுனி மட்டுமே உக்கியிருந்தது. முழுதாக மாற்ற வேண்டியவை ஐந்தே ஐந்து. பலகை தேடுவதில் முதற்படி தேவையைக் குறைப்பது என்பதை நான் இதிலிருந்துதான் கற்றேன். முப்பத்திரண்டு பலகைக்கு எந்த மரக்காலையிலும் ஒரே சீரான பழைய மரம் கிடைக்காது. ஐந்துக்குக் கிடைக்கும்.

கெட்ட ஒன்பதும் சுவரில் எங்கே இருந்தன என்று பார்த்தால் காரணமும் தெரிந்துவிடும். ஆறு பலகைகள் அடி வரிசைகளில், கீழ்க்கடையின் முன்கூரையில் விழும் மழை தெறிக்கும் உயரத்தில் இருந்தன. இரண்டு ஜன்னலுக்கு நேர் கீழே. ஒன்று, பீலி வெடித்து ஒழுகிய மூலையில். உயிரியல் பாடத்தில் பங்கசுக்களைப் படிக்கும்போது அவை செலுலோசை உடைத்து உணவாக்கும் என்று மனப்பாடம் செய்கிறோம். சுவரில் நடந்ததும் அதுவே. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பங்கசுக்களால் அதில் குடியேற முடியாது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துவிடும் பலகைக்கு ஆபத்தில்லை. நனைந்து காயாமலே இருப்பதற்குத்தான் ஆபத்து. கம்பளையிலிருந்து கண்டி செல்லும் பக்கத்தில் உள்ள எம்பெக்கே தேவாலயத்தின் செதுக்கிய மரத்தூண்கள் 14ஆம் நூற்றாண்டின் கம்பளை இராசதானிக் காலத்தவை என்று வரலாற்றில் படிக்கிறோம். அங்கே 26 கைமரங்களை ஒரே மர ஆப்பு இணைத்துப் பிடித்திருப்பதைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மரத்தின் தலைக்கு மேலே நல்ல கூரை இருக்கிறது. எங்கள் ஜன்னலடிப் பலகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எனவே பீலியைத் திருத்தாமல், ஜன்னலடியில் நீர் வடியும் சரிவை வைக்காமல், எவ்வளவு விலை கொடுத்து நல்ல பலகை வாங்கினாலும் சில வருடங்களில் அதே இடத்தில் மீண்டும் உக்கும். பீலிக்கான செலவு முதலில் வந்தது. மாமா முணுமுணுத்தார்தான்.

இனிப் பலகைக்கு வருவோம். "பழையதைப் போல ஒரு பலகை" என்று சொல்வது இலகு. ஆனால் அந்தப் 'போல' என்ற சொல்லுக்குள் பல விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது மரத்தின் இனம். பழைய பெயின்ட்டுக்குள் என்ன மரம் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கெட்ட பலகையில் நன்றாக உள்ள ஒரு துண்டை வெட்டியெடுத்து ஒரு பக்கத்தைச் சீவுளியால் இழைத்தால் நிறமும் நாரும் தெரியும். எங்களுடையது பலா. புதிதாக அரிந்த பலா நல்ல மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு வருடங்கள் செல்லச் செல்லப் பழுத்துக் கபில நிறமாகும். ஆகவே புதுப் பலகையை நிறம் பார்த்துப் பழையதோடு பொருத்தக் கூடாது. நாரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மரத்தின் எந்தப் பகுதி. இதுதான் இனத்தைவிட முக்கியம் என்று எனக்குப் படுகிறது. மரத்தின் நடுவே உள்ள வைரம் கறையானையும் பங்கசையும் எதிர்க்கும். சிங்களத்தில் அதை 'அரட்டுவ' என்பார்கள். எங்கள் ஊர் பாஸ்மார் தமிழில் பேசும்போதும் அந்தச் சொல்லையே பாவிக்கிறார்கள். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு அந்த வலிமை இல்லை. அது உயிரோடிருந்த காலத்தில் நீரைக் கடத்திய காழ். மாப்பொருளும் சேர்த்து வைத்திருக்கும். பூச்சிக்கு அது விருந்து. பலாவில் மஞ்சள் வைரத்தையும் வெள்ளைப் பகுதியையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். அக்காலத்தில் முதிர்ந்த பெரிய மரங்களை அரிந்ததால் பலகை முழுவதும் வைரமாக எடுக்க முடிந்தது. இன்று மரக்காலைக்கு வரும் மரங்கள் பெரும்பாலும் இளையவை. எட்டங்குலப் பலகையில் இரண்டங்குலம் வெள்ளையாக இருக்கும். விற்பவர் அதையும் 'பலா' என்றே சொல்வார். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

மூன்றாவது அரிந்த விதம். பலகையின் நுனியைப் பார்த்தால் வளையங்கள் தெரியும். அவை பலகையின் முகத்துக்கு நட்டுக்குத்தாக நின்றால் அந்தப் பலகை அதிகம் நெளியாது. படுக்கையாக, வில் போல வளைந்து தெரிந்தால், ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது அது ஓலைச் சுருள்போல் கிண்ணமாக வளையும். வளையத்தின் திசையில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணம் அதுதான்.

நான்காவது தடிப்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பலகைகள் இழைத்த பின்னும் முழுதாக ஓரங்குலம். இன்று 'ஓரங்குலப் பலகை' என்று விற்பது அரிந்தபடியான அளவு. இரண்டு பக்கமும் இழைத்தால் முக்கால் அங்குலம் அளவில்தான் மிஞ்சும். முக்கால் அங்குலப் பலகையைப் பழையவற்றின் நடுவே வைத்தால் கால் அங்குலப் பள்ளம் விழும். மேல் பலகைக்கும் அதற்கும் இடையே மழைக்கு வாசல் திறக்கும். ஆகவே ஒன்றேகால் அங்குலமாக அரிந்து தரும்படி கேட்க வேண்டும். அகலத்திலும் அப்படியே: எட்டங்குலம் வேண்டுமானால் ஒன்பது.

மரம் கன அடியில் விற்கப்படுவதால் இந்தக் கணக்கு செலவிலும் தெரியும். 12 அடி நீளம், 8 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள பலகை ஒன்று மூன்றில் இரண்டு கன அடி. ஐந்து பலகைக்கு மூன்றேகாலுக்குச் சற்று மேல். ஆனால் வாங்க வேண்டியது 9 அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலத் தடிப்புமுள்ள பலகை. அது ஐந்துக்கு ஏறத்தாழ 4.7 கன அடி. சுவரில் அளந்த கணக்கோடு கடைக்குப் போனால் பற்றாக்குறைதான் வரும். பெற்றோர்கள் கவனத்துக்கு!

ஐந்தாவது விளிம்பு. எங்கள் பலகைகளின் கீழ் விளிம்பில் பென்சில் அளவு உருண்டையான ஒரு கோடு ஓடுகிறது. அழகுக்கு மட்டுமென்று நினைத்திருந்தேன். விளிம்புக் கூர் உடைந்து சிராம்பு எழாமலும், நீர்த்துளி அதில் வந்து கூடிக் கீழே விழவும் அது உதவுகிறது. இதை எந்தக் கடையிலும் ஆயத்தமாக வாங்க முடியாது. பழைய பலகையின் நுனியை ஒரு தடித்த மட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரித்து, அந்த வடிவத்தையே பாஸிடம் கொடுத்தோம். அவர் அதற்கேற்பத் தன் சீவுளியின் உளியைத் தீட்டிக்கொண்டார். கையோடு ஓரடி நீளப் பழைய துண்டொன்றையும் கடைக்குக் கடையாகக் கொண்டு போனோம். வாயால் விளக்குவதைவிட அந்தத் துண்டு நன்றாகப் பேசியது.

கடைசியாக உலர்வு. அரிந்த பலகையை நிழலில், காற்றோட்டமாக, இடையிடையே சிலாகை வைத்து அடுக்கி உலர்த்த வேண்டும். ஓரங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பழைய வாய்பாடு. இன்று அத்தனை நாள் பணத்தை முடக்கி வைக்க எந்த வியாபாரிக்கும் முடிவதில்லை. உலர்ந்ததா என்று அறியக் கருவி உண்டு, எங்களிடம் இல்லை. ஆனால் முறை எளிது. ஒரு சிறு துண்டை நிறுத்து, 103 பாகை செல்சியஸ் அளவில் கனலடுப்பில் நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். இழந்த நிறையை உலர்ந்த நிறையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரத்தின் சதவீதம். ஒரு மரக்காலையில் "நல்லா காஞ்சது" என்று தந்த துண்டு 84 கிராமிலிருந்து 60 கிராமுக்கு இறங்கியது. அதாவது 40 சதவீத ஈரம். அந்தப் பலகையைச் சுவரில் அடித்திருந்தால் அடுத்த வெயிலில் சுருங்கி வெடித்திருக்கும்.

பலா ஏன் இவ்வளவு அருமையாகிவிட்டது என்ற கேள்வி இங்கே எழும். 1990 முதல் இந்நாட்டின் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதற்குத் தடை இருக்கிறது. அரச மரக் கூட்டுத்தாபனம் வழங்குவது பெரும்பாலும் நட்டு வளர்த்த தோட்டங்களின் மரம்: தேக்கு, மஹோகனி, யூக்கலிப்டஸ், பைனஸ். பலா வருவது மக்களின் வீட்டுத் தோட்டங்களிலிருந்து. அதைத் தறிக்கவும் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அந்தச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் பஞ்சத்தில் சோறு போடும் மரங்களாகக் கருதிக் காத்து நிற்கிறது. தறித்த பலாவை லொறியில் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். இது தொல்லை என்று மரம் தேடுவோர் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம். ஆனால் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் பலா நடுவிக்கப் பாடுபட்ட ஆர்தர் வி. டயஸ் அவர்களை மக்கள் 'கொஸ் மாமா' என்று அழைத்த நாடு இது. 2022இன் நெருக்கடியில் எத்தனை அடுப்புகளில் பலாக்காய் வெந்தது என்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். என் சுவருக்கு ஐந்து பலகை வேண்டும் என்பதற்காக அந்தச் சட்டம் தளர வேண்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தேடல் மூன்று இடங்களுக்குப் போனது. மரக்காலைகளில் பலா இருந்தது. ஆனால் ஈரம், அல்லது வெள்ளை. (ஓரிடத்தில் அளவு நாடா என் கையில் இருந்தது, கேள்வி கேட்டதும் நான்தான், பதில் முழுவதும் மாமாவுக்கே சொல்லப்பட்டது.) கூட்டுத்தாபனத்தின் தேக்கு நல்ல மரம். ஆனால் ஐந்து பலகைக்காக அந்த விலையைக் கொடுப்பதில் பொருளில்லை. மூன்றாவதாகப் போனது பழைய வீட்டுச் சாமான் விற்கும் இடத்துக்கு. உடைத்த வீடுகளின் நிலைகள், ஜன்னல்கள், வளைகள், பலகைகளையெல்லாம் வீதியோரம் சாத்தி வைத்திருப்பார்களே, அங்கே.

பலகை வேண்டியவர்கள் முதலில் போக வேண்டியது அங்கேதான் என்பது என் எண்ணம். காரணம், அங்கிருக்கும் பலகை அறுபது, எழுபது வருடம் உலர்ந்தது. நெளிய வேண்டியது எப்போதோ நெளிந்து முடிந்தது. பூச்சி வருவதானால் முன்பே வந்திருக்கும். தடிப்பும் பழைய அளவு. நாங்கள் கண்டது ஒரு வீட்டின் மேல்தட்டுப் பலகை: பலா, முழு வைரம், ஒன்றேகால் அங்குலம். மேலே கபிலப் பெயின்ட் பூசியிருந்தது. 'மஹோகனி' என்று சொல்லி விற்றார்கள்! ஒரு மூலையைச் சுரண்டியதும் உள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. அதன் துண்டை நிறுத்துப் பார்த்ததில் ஈரம் 15 சதவீதம்.

பாவித்த பலகையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. உள்ளே முறிந்த ஆணிகள் இருக்கும். அவை வாளையும் சீவுளியையும் பாழாக்கும். ஒரு பெரிய காந்தத்தைப் பலகை நெடுகிலும் ஓட்டினால் ஆணி உள்ள இடத்தில் இழுக்கும். துளைகளிலிருந்து மாப்போலத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பலகையை வீட்டுக்குள்ளேயே எடுக்கக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். 2013இல்தான் இந்நாட்டில் பெயின்ட்டில் உள்ள ஈயத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசு சுவாசத்தோடு உள்ளே போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடி அணிய வேண்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த வேலை நடந்த நாட்களில் தம்பிமார் சாச்சி வீட்டில் இருந்தார்கள்.

ஆனால் அந்தப் பலகைகளை முன்சுவரில் அடிக்கவில்லை. இது பாஸின் யோசனை. கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. வீட்டின் பின்சுவரும் இதே பலகைதான். அதே வருடம், அதே மரம், அதே விளிம்புக் கோடு. முற்றத்துக் கூரையின் நிழலில் இருந்ததால் சற்றும் கெடாதது. பின்சுவரிலிருந்து ஐந்து பலகைகளைப் பக்குவமாகக் கழற்றி முன்சுவரில் அடித்தார். கடையில் வாங்கியவை பின்சுவருக்குப் போயின. முன்பக்கத்தில் எது மாற்றிய பலகை என்று இப்போது எவராலும் காட்ட முடியாது. பின்பக்கத்தில் காட்டலாம்; அங்கே பார்ப்பவை கோழிகள் மட்டுமே.

நுனி மட்டும் உக்கிய நான்கையும் முழுதாக எறியவில்லை. கெட்ட பகுதியை நல்ல மரம்வரை வெட்டியெடுத்து, அதே தடிப்புள்ள துண்டை இணைத்தார். அந்த இணைப்பு எங்கே வர வேண்டும் என்பது முக்கியம். பின்னாலுள்ள குத்துக்காலின் மேல் வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நுனிகளும் அந்தரத்தில் ஆடும். வெட்டும் நேராக அல்ல, சரிவாக. மழை அடிக்கும் திசையில் ஒன்று மற்றதை மூட வேண்டும்.

அடிக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. ஆணி மேல் பலகையை மட்டும் பிடிக்க வேண்டும். அதன் அடியில் மறைந்திருக்கும் கீழ்ப் பலகையின் தலையைத் துளைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால், ஈரத்தில் விரியவும் வெயிலில் சுருங்கவும் இடமில்லாமல் பலகை நடுவே பிளக்கும். பழைய மரம் இறுகியிருப்பதால் முதலில் சிறு துளை போட்டுத்தான் ஆணி இறக்க வேண்டும். ஆணி நாகம் பூசியதாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பாணி துருவேறிச் சுவர் நெடுகக் கறுப்புக் கண்ணீர் வடிக்கும். அடிப்பதற்கு முன்பே அடிப்பூச்சை முன்னும் பின்னும் நான்கு விளிம்புகளிலும் பூசிவிட வேண்டும். நுனிகளுக்கு இரண்டு முறை. மரத்தின் நீர்க்குழாய்கள் திறந்திருப்பது நுனியில்தான். நுனி உறிஞ்சும் அளவுக்கு முகம் உறிஞ்சாது. முகத்துக்கு மூன்று பூச்சுப் பூசிவிட்டு நுனியை வெறுமனே விடும் வழக்கம்தான் இங்கே பரவலாகக் காணப்படுகிறது.

பலாவே கிடைக்காதவர்கள் என்ன செய்யலாம்? சண்பக மரப் பலகை மலைநாட்டில் கிடைக்கிறது. கனம் குறைவு, இழைக்க இலகு. லுனுமிதெல்ல என்ற மலைவேம்பும் உண்டு. கூரை நிழலில் இருக்கும் சுவருக்கு இவை போதும் என்று பாஸ் சொல்கிறார். மஹோகனியானாலும் வைரப்பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். இறப்பர் மரத்தைப் போரன் மருந்தூட்டி விற்பார்கள். அது வீட்டுக்குள் பாவிக்க நல்லது. வெளிச்சுவருக்கு வேண்டாம், போரன் நீரில் கரையும் பொருள், மழையோடு சிறிது சிறிதாகக் கழுவிப் போய்விடும். சீமெந்து நார்ப் பலகையை மரம்போல அச்சிட்டு விற்பதையும் பார்த்தோம். புதிய சுவர் முழுவதற்கும் அது பொருந்தலாம். பழைய சுவரின் நடுவே ஐந்து இடத்தில் வைத்தால், உண்மைப் பல்லுக்கு நடுவே கட்டிய பல் போலத் தெரியும்.

வீட்டில் எவரேனும் பழைய மேல்தட்டைக் கழற்றினால் அந்தப் பலகைகளை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சுவருக்குத் தேவையில்லாவிட்டாலும் தேவைப்படும் இன்னொரு வீடு பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

பாஸ் பதினொரு நாள் வேலை செய்தார். முடிந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. உம்மும்மா அறைக்குள் தண்ணீர் வரவில்லை. வலது ஜன்னலின் கீழே ஓரிடத்தில் மட்டும் ஈரம் தெரிந்தது. அது பலகையால் அல்ல, ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கீறலால் என்று கண்டுபிடித்து அடைத்தார்கள். வாங்கியதில் மிஞ்சிய இரண்டு பலகைகளின் பின்புறத்தில் மரத்தின் பெயரையும் அளவையும் வாங்கிய மாதத்தையும் நான் பென்சிலால் எழுதினேன். விளிம்பு வரைந்த அட்டையை அவற்றோடு நூலால் கட்டி, கூரை வளைகளின் மேல் காற்றோட்டமான இடத்தில் மாமா ஏற்றி வைத்தார்.